ஈஸ்ட் ஜெயிச்சது சரி... விவசாயி?

"மலேரியாவை ஒழிக்க வந்த பேராசிரியர்" ரேஞ்சுக்கு ஜே கீஸ்லிங்கைப் பத்தி நம்ம மக்கள் இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. மனுஷன் பெரிய ஆள்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கதையோட பின்பாதியை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் இந்தப் பதிவு.

முதல்ல முன்பாதி. நெப்ராஸ்காவுல சோளமும் சோயாவும் விளைஞ்ச பண்ணையில் வளர்ந்தவர். 1992-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நுண்ணுயிரிகளின் வளர்சிதை மாற்றத்தைத் திருத்தி எழுதறதுதான் தொழில். செடியோட மரபணுக்களை எடுத்து ஈஸ்ட்டுக்குள்ள வெச்சா, அது தின்கிற சர்க்கரையிலிருந்து செடி செய்யிற மருந்தைச் செஞ்சு குடுக்கும்.

மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் ஒரு செடியிலிருந்து வர்ற மருந்து. அதை ஈஸ்ட்டில் செய்ய 2004-ல் கேட்ஸ் அறக்கட்டளை 4.26 கோடி டாலர் குடுத்தது. அந்த மருந்துக்கு முந்தின படி ஆர்டிமிசினிக் அமிலம். 2006-ல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வந்தது. 2013-ல், அவர் பங்கெடுத்துத் தொடங்கின அமைரிஸ் நிறுவனத்தின் உழைப்பில், 25 கிராம். ஏழே வருஷத்துல 250 மடங்கு! பல்கலைக்கழகம் இதுக்கு ராயல்டியும் கேக்கல. கை தட்டியாச்சா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

2013-ல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கிச்சு. கிலோ 350-லிருந்து 400 டாலர். லாபமும் இல்ல, நஷ்டமும் இல்லன்னாங்க. ஆனா அதுக்குள்ள செடியிலிருந்து எடுத்த மருந்து 250 டாலருக்கும் கீழே இறங்கிடுச்சு. விளைவு? 2015-ல் சனோஃபி ஒரு கிலோகூட தயாரிக்கல. அப்புறம் ஆலையையே வித்துட்டாங்க. அதே 2015-ல்தான், செடியிலிருந்து அந்த மருந்தைக் கண்டெடுத்த சீனத்து து யூயூவுக்கு நோபல் பரிசு!

கோளாறு எங்கேன்னா, செடிக்குப் பஞ்சமே இல்ல. விலைதான் ஏறி இறங்கி ஆடுச்சு. விலை ஏறினா சீனாவுலயும் வியட்நாமுலயும் கிழக்கு ஆப்பிரிக்காவுலயும் எல்லாரும் விதைப்பாங்க. விளைஞ்சு வர்றப்ப விலை படுத்துடும். அடுத்த வருஷம் யாரும் விதைக்க மாட்டாங்க. இதுக்கு வேண்டியது நல்ல விதையும், முன்கூட்டியே விலை பேசின கொள்முதலும். மரபணுப் பொறியியல் எவ்வளவு பெருசா இருந்தாலும் சந்தைக் கோளாறைச் சரி பண்ணாது.

"ஈஸ்ட் இருக்குங்கற பயத்துலதானே விலை ஏறாம இருந்துச்சு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அப்படின்னா அந்த மலிவுக்குக் காசு குடுத்தது யாரு? விதைச்சவன்தானே!

சீனாக்காரன் கவலை நமக்கெதுக்குன்னு நினைக்காதீங்க. 2022-ல் கீஸ்லிங் குழு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குத் தேவையான ரெண்டு மூலப்பொருட்களை ஈஸ்ட்டில் செஞ்சு காட்டிட்டாங்க. அந்த மருந்து வர்ற செடி எது தெரியுமா? நம்ம நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லின்னு ஒதுக்கி வெச்சோமே, அதேதான். தென் மாவட்டங்கள்ல மானாவாரி நிலத்துல இதை நம்பிப் பயிர் வைக்கிறவங்க இருக்காங்க.

ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லல. அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது நிஜம், நோயாளிக்கு மருந்து கிடைக்கணும். ஆனா ஈஸ்ட்டுக்குக் கோடிகளை ஒதுக்கறப்பவே விதைக்கிறவனுக்கும் ஒரு வரி எழுதி வைங்க. பண்ணையில் வளர்ந்த பேராசிரியருக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன?

மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம் :-)