ருஷ்ய வித்தைக்குப் போகலாமா?

விடுதிப் பலகையில் ருஷ்யத் தற்காப்புக் கலைப் பயிற்சி முகாம் என்றொரு தாள் ஒட்டப்பட்டால் போதும். அன்று மாலைக்குள் நம் தமிழ் மாணவரிடையே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. முகாம் மூன்று நாளோ நான்கு நாளோ நடக்கும். இடம் மலையடிவாரத்துத் தங்கும் விடுதியாக இருக்கும். கட்டணமோ ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். "உலகம் போற்றும் வித்தை வாசலுக்கு வருகிறது, விடுவதா?" என்கிறது ஒரு கட்சி. "அடிமுறையும் சிலம்பமும் வளர்ந்த மண்ணில் நின்றுகொண்டு ருஷ்யனிடம் குத்துக் கற்பதா? வெட்கம்!" என்கிறது மற்றொரு கட்சி.

போகலாம் என்பதே என் கருத்து. பிறரிடம் கற்பதில் இழிவு என்ன இருக்கிறது? ஆயினும் எதைக் கற்கப் போகிறோம் என்று அறிந்து போக வேண்டும். அந்த ருஷ்ய வித்தையே எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தால், இரண்டு கட்சியாரும் சற்று வாயடைத்துப் போவர்.

ருஷ்யர் பெருமையோடு கூறும் மல்வித்தை சாம்போ. 'ஆயுதமின்றித் தற்காப்பு' என்று பொருள்படும் ருஷ்யச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சோவியத் அரசாங்கம் அதனை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன் வேர் மாஸ்கோவில் இல்லை, டோக்கியோவில் இருக்கிறது.

1882-இல் ஜிகோரோ கானோ என்ற ஜப்பானிய இளைஞர், டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலின் கூடத்தில் பன்னிரண்டு பாய்களை விரித்து ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த புதிது. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் முதுகலை மாணவர் ஒருவரின் வயதுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்நாளில் ஜூஜித்சு என்ற மல்வித்தை பல மரபுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் இரகசியத்தைத் தானே பூட்டி வைத்துக்கொண்டு, கேட்பாரற்றுக் கிடந்தது. கானோ இரண்டு மரபுகளை முறையாகப் பயின்றார், உயிருக்கு ஊறு செய்யும் பிடிகளைப் போட்டியினின்றும் விலக்கினார், விழும் முறையை முதற்பாடமாக்கினார், படிநிலைகள் வகுத்தார். அதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அஞ்சாமல் பயிலக்கூடிய ஒரு கல்வியாக அது மாறியது.

அந்தக் கூடத்திற்கு 1911-இல் ஒரு ருஷ்யப் பையன் வந்து சேர்ந்தான். வசீலி ஒஷெப்கோவ் என்பது அவன் பெயர். கைதிகளைக் குடியேற்றும் சகலின் தீவிலே பிறந்து, சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, ருஷ்ய வைதிகத் திருச்சபையின் தயவால் டோக்கியோவில் படிக்க வந்தவன். 1913-இல் கறுப்புக் கச்சை பெற்றான். 1917-இல் இரண்டாம் படியும் எய்தினான். பிற்காலத்தில் மாஸ்கோ உடற்கல்வி நிறுவனத்தில் ஆசிரியராகி, தான் கற்றதைச் சோவியத் இளைஞருக்குக் கற்பித்தவர் அவரே. அவருடைய மாணவர் அனடோலி ஹர்லம்பியேவ், ஜார்ஜியர், உஸ்பெக்கியர், ஆர்மீனியர் முதலியோரின் நாட்டுப்புற மல்யுத்தப் பிடிகளைத் தொகுத்து அதனோடு சேர்த்தார். விக்டர் ஸ்பிரிதோனோவ் என்பவர் வேறொரு வழியில் காவலருக்கும் படையினருக்கும் உரிய தற்காப்பு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். இவையெல்லாம் கலந்தே சாம்போ ஆயிற்று.

ஆனால் விதை கொண்டுவந்தவருக்கு நேர்ந்தது என்ன? 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஜப்பானிய ஒற்றன்' என்று ஒஷெப்கோவைப் பிடித்துச் சென்றனர். பத்து நாளுக்குள் மாஸ்கோச் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு சாம்போவுக்கு அரசாங்க முத்திரை கிடைத்தபோது ஜூடோ என்ற பேச்சே எழவில்லை. சோவியத் மக்களின் சொந்தப் படைப்பு என்று பறைசாற்றினர். தந்தை என்ற பட்டம் ஹர்லம்பியேவுக்குப் போயிற்று. 1957-இல்தான் ஒஷெப்கோவ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். 'எல்லாம் எங்களுடையதே' என்று மேடையில் முழங்கும் நம்மவர் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டு முழங்கினால் நன்று.

இரவல் வாங்கியதால் ருஷ்யர் கெட்டுப்போனாரா? 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஜூடோ இடம்பெற்றபோது, சோவியத் நாட்டிலிருந்து வந்த சாம்போ வீரர்கள் ஜப்பானியரின் வீட்டு முற்றத்திலேயே நான்கு வெண்கலப் பதக்கங்களைத் தட்டிச் சென்றனர். 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு சாம்போவுக்கு முழு அங்கீகாரம் அளித்தது. ஒரு வித்தைக்கு எழுதப்பட்ட விதிகளும், யார் வேண்டுமாயினும் வந்து தோற்றுப் பார்க்கக்கூடிய ஒரு கோதாவும் இருந்தால், இரண்டு தலைமுறைக்குள் அது எவ்வளவு தூரம் நடந்துவிடுகிறது!

முகாம்களில் இப்போது பெரிதும் பேசப்படுவது சாம்போ அன்று, 'சிஸ்டமா' என்பது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர் வெளியுலகில் பரவியது. விளாதிமிர் வசீலியேவ் 1993-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பள்ளி தொடங்கிய பிறகு மேற்கு நாடுகளில் பெயர் பெற்றது. அதற்குக் கச்சையும் இல்லை, படியும் இல்லை, போட்டியும் இல்லை. மூச்சு, தளர்வு, நிமிர்ந்த நிலை, நிற்காத அசைவு ஆகிய நான்கே அடிப்படை. மெதுவாக ஒருவரையொருவர் தள்ளுவர். குத்து வாங்கி மூச்சால் வலியைக் கரைப்பர். அஞ்சி விறைத்த உடலைத் தளரச் செய்வதில் அதற்கு உண்மையான பயன் உண்டு. தேர்வுக் காலத்துத் தோள்பட்டைகளைச் சுமந்து திரியும் நமக்கு அது வேண்டியதுதான். ஆயிரம் ஆண்டுப் பழைய கொசாக் வீரர் மரபு என்று விளம்பரத்தில் அச்சிடுகிறார்களே, அதற்கு ஏட்டுச் சான்று கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். தொடாமலே ஆளை வீழ்த்திக் காட்டும் காட்சிகளையும் சில ஆசிரியர்கள் நடத்துகின்றனர். விழுகிறவர் எப்போதும் அவருடைய மாணவராகவே இருக்கிறார் என்பதைக் கவனிக்க.

இதைச் சொல்லிச் சிரித்த நண்பரை நான் ஒரு கேள்வி கேட்டேன்: நம்மூர் 'நோக்கு வர்மம்' என்னவாம்? பார்வையாலேயே பகைவனைச் சாய்க்கும் அந்த வித்தையை யார் எந்தக் களத்தில் கண்டார்? ருஷ்யன் பொய்யை நகைத்துவிட்டு நம் பொய்யைப் பூசை அறையில் வைத்து வணங்குவது பகுத்தறிவு ஆகாது.

இனி நம் பக்கம் வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியே பொன்முடிக்குப் போகும் பேருந்தில் ஏறினால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வருவது கல்லாறு. பெயருக்கேற்ப ஆறு முழுதும் உருண்டை உருண்டையான கற்கள். அங்கிருந்து மேலே இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவுகள். விதுராவிலிருந்து மற்றொரு பாதை போணக்காடு சென்று, 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்திற்கு வழிகாட்டுகிறது. தென்னாட்டு அடிமுறையார் தங்கள் முதல் ஆசானாகக் கொண்டாடுவது அந்த அகத்தியரையே. வடமலபாரின் களரி பரசுராமரைச் சொல்லும். அங்கே ஆசிரியர் 'குருக்கள்'. தெற்கே அவர் 'ஆசான்'. தெற்கத்திய வர்ம ஏடுகள் தமிழ்ச் செய்யுளில் அமைந்தவை. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, ஒற்றைச் சுவடும் குறுவடியும் கோட்டின் இருபுறத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. இத்தனையும் பக்கத்தில் இருக்க, 2020-இல் 'பட்டாஸ்' திரைப்படம் வந்த பின்னரே நம்மில் பலர் அடிமுறை என்ற சொல்லைக் கேள்விப்பட்டோம்!

குற்றம் மாணவரிடம் மட்டும் இல்லை. வர்மம் நூற்றெட்டு, அவற்றுள் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று எண்ணிக்கை சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் வாய் திறவார்கள். பல ஆண்டு கூடவே கிடந்து பணிவிடை செய்தவனுக்கே இறுதிப் பாடம் என்பது வழக்கு. அதில் ஒரு நியாயம் இருந்தது. தவறான கையில் விழுந்தால் கொலைக்கருவி. ஆனால் அடித்தவனே இளக்குமுறையால் மீட்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்த அந்த மரபில், அடியோடு மருந்தும் சேர்ந்தே மறைந்துகொண்டிருக்கிறது. இறுதிப் பாடத்தைச் சொல்லாமலே ஆசான் கண்ணை மூடினால் ஏட்டைக் கரையான் படிக்கும்.

வெளியாருக்குச் சொன்னால் கொள்ளை போய்விடும் என்கிறார்கள். இதே மலையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1987-இல் அகத்தியமலைக் காட்டிற்குச் சென்ற ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிய காணி மக்கள், களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை ஆக்கி, 1995-இல் பத்து இலட்ச ரூபாய்க்கு ஒரு மருந்து நிறுவனத்திற்கு உரிமை வழங்கியது. கிடைத்ததில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கென அறக்கட்டளையும் பதிவாயிற்று. குறைகள் பல பின்னர் எழுந்தன என்றாலும், அறிவைச் சொன்னவனுக்குப் பங்கு உண்டு என்ற வழக்கு அங்கே பிறந்தது. கல்லாற்றுக் காட்டில் வாழும் காணி மூதாட்டி இலட்சுமிக்குட்டி, தாயிடம் கேட்டு நினைவிலேயே வைத்திருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மூலிகை மருந்துகளுக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். கேட்டு எழுத ஆளிருந்தால் இவர்கள் சொல்லாமல் இருப்பவர்கள் அல்லர்.

கேட்கும் பொறுமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நாடகப் பேராசிரியர் பிலிப் சாரில்லி 1976-இல் திருவனந்தபுரம் கிழக்கேக் கோட்டையிலுள்ள சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயரிடம் சேர்ந்தார். மூன்று நாள் முகாமுக்கு வந்தவர் அல்லர். திரும்பத் திரும்ப வந்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து 1988-இல் ஆசிரியருக்குரிய பீடத்தைப் பெற்றார். 1998-இல் களரி பற்றிப் பெருநூல் எழுதினார். அவர் படித்த களரிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நம்மில் எத்தனை பேர் போனோம்?

மாணவியரைப் பற்றி ஒரு சொல். 'பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு' என்று வீட்டில் தடுத்தால், 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற வடகரை மீனாட்சி குருக்களின் படத்தை எடுத்துக் காட்டுங்கள். எழுபது வயதைக் கடந்தும் வாளெடுத்தவர்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். இங்கே நடக்கும் முகாம் வேறு. 'ருஷ்யாவில் பயிற்சி, சம்பளத்தோடு வேலை' என்று வரும் அழைப்பு வேறு. பாதுகாவலர் வேலை என்று நம்பி விமானம் ஏறிய அஞ்சுதெங்குக் கடற்கரை இளைஞர்கள் உக்ரேன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி 2024-இல் இதே மாவட்டத்தை உலுக்கிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கும் பதிந்தது. கேரள இளைஞர் சிலர் திரும்பவே இல்லை. உடற்கட்டும் வீர ஆசையும் உடைய பையன்களையே தரகர் தேடுவர். எந்தப் பயிற்சிக்கூடத்தில் எவர் அத்தகைய பேச்சைத் தொடங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில், மழை இறங்குமுன், கல்லாற்றில் பத்து நாள் முகாம் நடத்துவோம். காலையில் குமரி மாவட்டத்து அடிமுறை ஆசான் ஒருவர் சுவடு கற்பிக்கட்டும். மாலையில் சாம்போவோ ஜூடோவோ முறையாகப் பயின்ற பயிற்சியாளர் ஒருவர் விழும் முறையைக் கற்பிக்கட்டும். ஒரே பாயில் இரண்டும் மோதிப் பார்க்கட்டும். ஆசானுக்குரிய தட்சிணையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். படம் பிடிப்பதும் அச்சிடுவதும் அவர் இசைவின்படியே. எலும்பு வைத்தியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மீன்முட்டி அருவிப் பக்கமும் ஆற்றின் கயங்களிலும் குளிக்க எவருக்கும் அனுமதி கூடாது. அந்த வழுக்குக் கற்களில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. நாற்பது பேர் சேர்ந்தால் செலவு, பலகையில் ஒட்டிய அந்த முகாமில் பாதிகூட ஆகாது. பெயர் கொடுக்க விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் மன்றச் செயலாளரிடம் கொடுக்கலாம். என் பெயரை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.