தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள்! தனிக் கழிப்பிடம் கேட்பது ஏன்?

சென்னை,

காலை 8 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் ஒரு பெண். ராத்திரி திரும்பி வருகிற வரை தண்ணீரைத் தொடுவது இல்லை. விரதமா? இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டி வருமே, எங்கே போவது என்ற பயம்தான்!

பூக்காரம்மா, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண், பந்தோபஸ்துக்கு வந்த பெண் போலீஸ், தெரு கூட்டும் தொழிலாளி.... யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

"ஏன், அதோ கழிப்பிடம் இருக்கிறதே!" என்று ஆண்கள் கை காட்டுவார்கள். இருக்கிறது. ஆனால் பெண் அதற்குள் துணிந்து போவாளா? அதுதான் கேள்வி.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு

2025-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு கூறியது. நாடு முழுவதும் உள்ள எல்லாக் கோர்ட்டு வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோருக்குத் தனித்தனியே கழிப்பறை அமைக்க வேண்டும் என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் உத்தரவிட்டனர். இது சலுகை அல்ல, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றும் தீர்ப்பில் கூறினார்கள்.

நீதி சொல்லும் இடத்துக்கே இப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது என்றால் மார்க்கெட், பஸ் நிலையம் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

தனிக் கழிப்பிடம் என்பது புதுக் கோரிக்கையும் அல்ல. ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் தனித்தனியே, மறைவான கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது.

ஒன்றே போதாதா?

"வீட்டில் ஒரே கக்கூஸ்தானே? ரெயிலிலும் பொதுதானே? ரோட்டில் மட்டும் என்ன தனி?" என்று சிலர் கேட்கிறார்கள்.

வீட்டில் வெளியே நிற்பது அண்ணன், தம்பி. ரோட்டில் நிற்பது யாரோ! ரெயிலில் பெட்டி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியும் ராத்திரி நேரத்தில் துணைக்கு ஒருத்தியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும் பெண்கள் உண்டு.

பொதுக் கழிப்பிடத்தில் வாசல் ஒன்றாக இருந்தால், பெண் ஆண்கள் கூட்டத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாழ்ப்பாள் சரியில்லை என்றால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்போது கேமரா பயம் வேறு சேர்ந்துவிட்டது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். இதற்கென்று 2013-ல் சட்டப் பிரிவு வந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 77-வது பிரிவு. முதல் முறை பிடிபட்டாலும் குறைந்தது ஓராண்டு ஜெயில். ஆனால் சட்டம் வருவது சம்பவம் நடந்த பிறகு. பெண்ணுக்கு வேண்டியது சம்பவம் நடக்காத இடம்!

மாதத்தில் சில நாள்

ஆண்கள் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்ணுக்குத் தண்ணீர் வேண்டும். துணியையோ நாப்கினையோ போட மூடியுள்ள தொட்டி வேண்டும். பையை மாட்ட ஓர் ஆணி வேண்டும். சேலையில் கறை பட்டுவிட்டால் குழாயடியில் நின்று கழுவ வேண்டும். பக்கத்தில் அந்நிய ஆண் ஒருவர் கை கழுவிக்கொண்டு நின்றால் முடியுமா?

பெண்கள் பகுதி என்றால் நிலைமை வேறு. "அக்கா, ஒரு பேடு இருக்குமா?" என்று முன்பின் தெரியாதவளிடமும் கேட்கலாம். கைக்குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். எவனாவது பின்தொடர்ந்து வந்தால் ஓடிப்போய் நிற்கவும் அது ஓர் இடம்.

அடக்கினால் ஆபத்து

அடக்கி வைப்பதன் விலையை உடம்பு கொடுக்கிறது. பெண்ணின் சிறுநீர்க் குழாய் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர். ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். அதனால் கிருமி சீக்கிரம் பையை எட்டிவிடும். பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது என்பது டாக்டர்கள் கணக்கு. தண்ணீர் குடிக்காமல் அடக்கினால் தொல்லை கூடும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து.

கியூ ஏன் நீளம்?

தியேட்டரில் இடைவேளை விட்டால் பெண்கள் பக்கம் கியூ நீண்டிருக்கும். ஆண்கள் பக்கம் காலி! காரணம் சாதாரணம். அதே அளவு இடத்தில் ஆண்களுக்குச் சிறுநீர்ப் பிறைகள் வரிசையாக வைத்துவிடலாம். பெண்களுக்கு ஒவ்வொன்றுக்கும் அறையும் கதவும் வேண்டும். ஆடை, குழந்தை என்று நேரமும் கூட ஆகும். சம இடம் கொடுத்தால் சம வசதி ஆகாது. தூய்மை இந்தியா திட்டத்தின் கணக்கு இதை ஒப்புக்கொள்கிறது. சமுதாயக் கழிப்பிடங்களில் 35 ஆண்களுக்கு ஒன்று என்றால் 25 பெண்களுக்கு ஒன்று!

காசு விஷயம் வேறு. ஆணுக்குச் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்ணுக்கு மட்டும் கட்டணம் என்ற அநியாயத்தை எதிர்த்து 2011-ல் மும்பையில் பெண்கள் பெரிய இயக்கமே நடத்தினார்கள்.

திருச்சி காட்டிய வழி

கட்டினால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்குத் திருச்சி உதாரணம். அங்கே குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களே கழிப்பிடங்களை ஏற்று நடத்தின. சிறு கட்டணம் வாங்கி, ஆள் வைத்துச் சுத்தம் செய்து, கணக்கும் வைத்தார்கள். வாசலில் தெரிந்த பெண் உட்கார்ந்திருந்தால் பயம் பாதி போய்விடும் அல்லவா?

தாய்க்குலம் கேட்பது பளிங்கு மாளிகை அல்ல. தனி வாசல், உறுதியான தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, மூடியுள்ள தொட்டி, காவலுக்கு ஒரு பெண். ராத்திரி பூட்டிவிடாமல் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2021-ல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. வேலைக்கும் படிப்புக்கும் லட்சக்கணக்கான பெண்கள் டிக்கெட் காசு இல்லாமல் ஏறினார்கள். பஸ்சை விட்டு இறங்கியதும் அந்தப் பெண் தைரியமாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு வழி செய்வது யார்?