மறுக்க முடியாதவர்கள் கொடுக்கும் தானம்

2023ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகத்தையோ கல்லீரலின் ஒரு பகுதியையோ கொடுத்தவர்கள் ஏறத்தாழ 15,400 பேர். நூற்றுக்கு அறுபத்துமூன்று பேர் பெண்கள். மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு கொடுத்தவர்களோ 1,099 பேர்தான். இத்தனை பெரிய சுமையை உயிருள்ளவர்கள், அதிலும் மனைவியும் தாயும் சுமக்கிறார்கள் என்பதை நாம் அன்பின் பெருமையாகப் பேசிப் பழகிவிட்டோம். அன்பு உண்மைதான். ஆனால் ‘அவர் சம்பாதிக்கிறவர், அவர்மேல் கத்தி படக் கூடாது’ என்ற முடிவு, மருத்துவர் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துச் சம்மதம் கேட்பதற்கு முன்பே வீட்டில் எடுக்கப்பட்டுவிடுகிறது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினர் கொடுப்பதை அனுமதிக்கிறது. மற்றவர் கொடுப்பதென்றால் பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு ஏற்க வேண்டும். அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைச் சிறுநீரகத் தரகர்கள் தேடிச் சென்ற செய்தி வெளிவந்தது. வீட்டுக்குள் பெண், வீட்டுக்கு வெளியே கடனாளி: வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வலுவில்லையோ, அவரிடமே நாம் கேட்கிறோம்.

உடல் தானத்திலும் இதே கதைதான். எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவர் உள்ளங்கைத் தோலை விலக்கி, கொழுப்பை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, விரல்களுக்குப் பிரியும் நரம்பைத் தேடுகிறார். புத்தகப் படத்தில் அது ஓரிடத்தில் பிரிகிறது. மேசையில் கிடப்பவரின் கையில் சற்றுத் தள்ளிப் பிரிகிறது. மனிதருக்கு மனிதர் உடல் மாறும் என்பதை விரல் நுனியில் உணராத மருத்துவரிடம் நாளை நம் கையை எப்படி நீட்டுவது? அந்த மேசையில் படுத்திருந்தவர் பெரும்பாலும் யார்? உரிமை கோர ஆளில்லாமல் அரசு மருத்துவமனையில் இறந்தவர். உடற்கூறியல் சட்டம் அத்தகைய உடல்களைக் கல்லூரிக்குக் கொடுக்க வழிசெய்கிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. நம்மில் பலருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர், கேட்பாரற்ற ஓர் ஏழையின் உடலில் கற்றவர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர்களான ஜோதிபாசுவின் உடல் 2010இலும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இலும் மருத்துவக் கல்விக்குத் தரப்பட்டபோது அதை அரிய தியாகம் என்றோம். வசதியும் குரலும் உள்ளவர்கள் செய்யும்போது மட்டும் அது ஏன் அரியதாக இருக்க வேண்டும்?

உயிருள்ளவர் தரும் சிறுநீரகம் நீண்ட காலம் உழைக்கிறது, காத்திருக்கவும் வேண்டியதில்லை என்பார்கள். சரியான வாதம். தகுதியுள்ளவர் மனமுவந்து கொடுப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. மீதமுள்ள ஒரு சிறுநீரகத்தோடு நலமாக வாழவும் முடியும். என் கேள்வி வேறு: மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்கள் கிடைத்தால் இரண்டு வீடுகளில் யாரும் கத்திக்குக் கீழே படுக்க வேண்டியிருக்காதே! ‘உறுப்புக்காக அவசரப்பட்டுச் சாவை அறிவித்துவிடுவார்களோ’ என்ற பயத்தை நான் எளிதில் தள்ள மாட்டேன். அதற்காகத்தான் நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும், ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. ‘உடலில்லாமல் காரியம் எப்படி?’ என்ற கேள்வி இன்னும் ஆழமானது. கொள்ளி வைப்பதில் ஒரு குடும்பத்தின் துயரம் கரைகிறது. அதைப் பறிப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கல்லூரிக்குப் போகும்முன் வீட்டில் மாலையிட்டு, வாய்க்கரிசி போட்டு அனுப்புவதைக் கல்லூரிகள் பொதுவாகத் தடுப்பதில்லை.

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று: உறுப்பு தானமும் உடல் தானமும் வேறு. உறுப்புகள் எடுக்கப்பட்ட உடலையும், பிரேதப் பரிசோதனை முடிந்த உடலையும் உடற்கூறியல் துறை பொதுவாக ஏற்பதில்லை. கண்ணை மட்டும் கொடுக்கலாம், அதுவும் இறந்த ஆறு மணிநேரத்துக்குள். ஆகவே இரண்டுக்கும் எழுதி வைப்பதில் முரண்பாடில்லை. எது கைகூடும் என்பதைச் சாவு நேரும் விதம் தீர்மானிக்கும். உறுப்பு தான உறுதிமொழிப் படிவத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் நெருங்கிய உறவினர். அவர் அறியாமல் பர்சில் அட்டை வைத்திருந்து பயனில்லை, கடைசியில் சரியென்று சொல்ல வேண்டியவர் அவர்தான். மகனையோ மகளையோ உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை எண்ணை அவர்கள் கைபேசியில் ஏற்றுங்கள். இரவில் எடுத்துக்கொள்வார்களா, வண்டி அனுப்புவார்களா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.