திரும்பமாட்டார் என்னும் தீர்ப்பு

ஒருவர் குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்படும் வரை அவர் குற்றமற்றவரே; மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரையே சாரும். ஆங்கிலச் சட்ட மரபைத் தழுவிய நாடுகளில் பள்ளி மாணவரும் அறிந்த நெறி இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்கள் இதனைப் பெருமையோடு போற்றி வருகின்றன. ஆயினும், அந்நாட்டுக்கு விருந்தினராகச் செல்ல விரும்பும் அயல்நாட்டவர் தூதரகத்தின் கண்ணாடிச் சாளரத்தின் முன் வந்து நின்றதும் அந்நெறி தலைகீழாகிவிடுகின்றது.

1952ஆம் ஆண்டில், அதிபர் ட்ரூமன் தம் மறுப்பாணையால் தடுக்க முயன்றும், அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு குடிநுழைவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 214ஆம் பிரிவின் ‘பி’ உட்பிரிவு இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சுற்றுலா விசா கேட்டு வரும் ஒவ்வோர் அயல்நாட்டவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட வருபவர் என்று கொள்ளப்படுவார், அவ்வாறு அன்று என்று அதிகாரியின் மனம் நிறைவடையுமாறு காட்டும் கடமை விண்ணப்பிப்பவருடையது. நடக்காத ஒன்றை நடக்காது என்று மெய்ப்பிப்பது எவ்வாறு? வருங்காலத்துக்குச் சான்று கொண்டுவருபவர் யார்?

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இருப்பதாகக் கொள்வோம். அவர் மனம் கலந்தவர் சிகாகோவில் வாழும் அமெரிக்கக் குடிமகன். ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று வாரம் அங்கே சென்று, அவர்தம் பெற்றோரைக் கண்டு, அவ்வீட்டின் இயல்பை அறிந்து வரவேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். மணம் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் எந்தக் குடும்பத்தாரும் செய்வது இது. நம் ஊர்களில் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை வீடு பார்க்கவும் போவதில்லையா? விண்ணப்பப் படிவம், அங்கே யாரைக் காணப் போகிறீர், அவர் உமக்கு என்ன உறவு என்று கேட்கிறது. கணவரோ நிச்சயிக்கப்பட்ட மணமகனோ அந்நாட்டில் உண்டா என்றும் தனியே கேட்கிறது. ஆசிரியை உள்ளதை உள்ளபடி எழுதுகிறார். 185 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்துகிறார். விசா மறுக்கப்பட்டாலும் அத்தொகை திரும்பாது. கோலாலம்பூருக்குப் பேருந்தில் சென்று வரிசையில் நிற்கிறார். சில நிமிடங்களில் பேட்டி முடிகிறது. கையில் ஒரு தாள் தரப்படுகிறது. சொந்த நாட்டோடு உமக்குள்ள பிணைப்பு போதியதாகக் காட்டப்படவில்லை என்பது அதன் பொருள். அவருக்கென்று எழுதப்பட்ட ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆயிரம் பேருக்கு அச்சிட்டது.

எல்லாருக்கும் இவ்வாறு மறுக்கப்படுகிறது என்பது அன்று. பலருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. மறுக்கப்படும்போது காதலே சான்றாகிவிடும் கொடுமைதான் இங்கே பேசத்தக்கது. அவர் பயணம் செய்வதற்கான காரணம் எதுவோ அதுவே பயணத்தை மறுப்பதற்கான காரணமாகவும் ஆகிறது. அன்பு மெய்யானது என்று காட்டக் காட்ட, அவர் திரும்பமாட்டார் என்னும் ஐயம் வலுக்கிறது. அன்பு இல்லை என்று சொன்னால், பின்னர் எதற்குப் போகிறீர் என்னும் கேள்வி எழும். உறவை மறைத்துப் பொய் சொல்லிவிட்டால்? முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைத்தவர் அமெரிக்காவுக்குள் நுழையவே தகுதியற்றவர் என்பது அதே சட்டத்தின் மற்றொரு விதி. அத்தகுதியின்மைக்குக் கால எல்லை கிடையாது. மெய் சொன்னவர் ஒரு விடுமுறையை இழக்கிறார். பொய் சொன்னவர் வாழ்வையே இழக்கக்கூடும். மெய்யும் இழப்புக்கு வழிகாட்டும்படி அமைந்த ஒரு சாளரம், மக்களைப் பொய்யின் பக்கம் தள்ளுகிறது என்று குறைகூற அமெரிக்க அரசுக்கு ஒருபோதும் உரிமை இல்லை.

இனி ஜொகூர் பாலத்தைக் கடந்து பார்க்கலாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அப்பாலத்தின் மறுகரையில், உட்லண்ட்ஸில், அதே ஆசிரியையின் ஒன்றுவிட்ட தங்கை இருப்பதாகவும் கொள்வோம். அவரும் ஓர் அமெரிக்கரை விரும்புகிறார். 1999ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் விசா விலக்குத் திட்டத்தில் உள்ளனர். தங்கை தம் வீட்டிலிருந்தே கணினி வழி இசைவு பெற்று, 90 நாள் வரை தங்கிவரப் புறப்பட்டுவிடலாம். மலேசியா அத்திட்டத்தில் இல்லை. ஒரே பாட்டியின் பேத்திகள் இருவர். ஒரே வகை அன்பு. ஒருவர் நம்பப்படுகிறார், மற்றவர் ஐயுறப்படுகிறார். கடப்பிதழின் அட்டை ஒன்றே வேற்றுமை. அத்திட்டத்தில் ஒரு நாடு சேர வேண்டுமாயின், அந்நாட்டவர்க்குச் சுற்றுலா விசா மறுக்கப்படும் விகிதம் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று. அதிகாரிகள் எவரை மிகுதியாக மறுத்தார்களோ அவர்களே மேலும் மறுக்கத்தக்கவர்கள் என்னும் இவ்வட்டத்தில் தனிமனிதரின் நாணயம் எங்கே நிற்கிறது?

“தங்குவதாகச் சொல்லிவிட்டுத் தலைமறைவாவோர் உண்டே, எல்லையைக் காப்பது அரசின் கடமையன்றோ?” என்பர். உண்டு, கடமைதான். எந்த அரசும் தன் வாயிலைத் திறந்துபோட்டு உறங்க வேண்டும் என்று இங்கே வாதிடப்படவில்லை. ஆனால், வான்வழியாகவும் கடல்வழியாகவும் வருவோரைப் பற்றி அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டுவரும் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், காலம் கடந்து தங்குவோர் மொத்தத்தில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே. வடிகட்டி அனுப்புவதால்தான் இந்த எண்ணிக்கை குறைந்தது என்று மறுமொழி வரலாம். அவ்வாறாயின், நேர்முகப் பேட்டியே இன்றி நுழையும் விலக்குத் திட்ட நாட்டவரிலும் பெரும்பாலோர் காலத்தே திரும்பிவிடுகிறார்களே, அது எவ்வாறு?

அன்றியும், ஐயம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. நிறுவனம் ஒன்று தன் அலுவலரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றினாலும், சிறப்புத் திறன் பெற்ற பணியாளரை வரவழைத்தாலும், அவர்மீது 214ஆம் பிரிவின் ஐயம் பாய்வதில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு விலக்களித்துவிட்டது. அவர் தங்கிவிட எண்ணியிருந்தாலும் குற்றமில்லை. முதலாளியின் தேவை முன்னால் வந்து நின்றால் சட்டம் வளைகிறது. காதலரின் தேவை வந்தால் விறைத்துக்கொள்கிறது.

“மணமகள் விசா இருக்கிறதே, அதற்கு விண்ணப்பிக்கலாமே” என்பது அடுத்த அறிவுரை. அந்த விசா 1970ஆம் ஆண்டு முதல் உண்டு. 1986ஆம் ஆண்டில் அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது: மனுச் செய்வதற்கு முந்திய இரண்டு ஆண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருத்தல் வேண்டும். சந்திக்கப் போக விசா இல்லை. சந்திக்காமல் மணமகள் விசா இல்லை. அமெரிக்கர் இங்கே பறந்துவர முடிந்தால் நன்று. அவர் விடுப்புக் கிடைக்காத கூலித் தொழிலாளியாகவோ, நோயுற்ற தாயை விட்டு நகர இயலாதவராகவோ இருந்தால்? (மணநாளுக்கு முன் முகம் பார்ப்பதைத் தடுக்கும் கடுமையான மரபு உள்ளவர்க்கு அந்நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு! முகம் பார்க்கக் கூடாது என்போருக்கு ஒரு வழி. பார்க்க ஏங்குவோருக்கு ஒரு பூட்டு.) வந்த பின் 90 நாளில் மணம் முடித்தாக வேண்டும் என்பதும் விதி. மணம் செய்வதா என்று ஆராயப் புறப்பட்டவரை, மணத்தை முடிவு செய்துகொண்டு வா என்று சட்டம் துரத்துகிறது.

தமிழ் இலக்கணம் கற்பிப்போர் பிரிவின் வகைகளை அறிவர். ஓதல், பகை, தூது, பொருள் எனப் பழைய நூலார் பிரிவுக்குக் காரணங்கள் வகுத்தனர். அவை அனைத்தும் காதலருள் ஒருவர் தாமே மேற்கொள்பவை. மூன்றாம் மனிதர் ஒருவர், சில நிமிட உரையாடலில், காரணம் கூறாது விதிக்கும் பிரிவுக்கு அவர்கள் துறை வகுக்கவில்லை. அவ்வாறு ஒன்று வரும் என்று எண்ணியிருக்கவும் மாட்டார்கள்.

எல்லை கடந்த அன்பின்மீது அமெரிக்கச் சட்டத்துக்குள்ள ஐயம் நேற்றுப் பிறந்தது அன்று. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, அயல்நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1922இல் அது தளர்த்தப்பட்டபோதும், குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனப்பட்ட ஆசியரை மணந்த பெண்களுக்கு அத்தண்டனை தொடர்ந்தது, 1931இல்தான் நீங்கியது.

மறைக்கப்பட்ட காரணம் என்ன செய்யும் என்பதற்கு எலன் நாஃப் என்னும் பெண்மணியின் வழக்கு போதும். செருமனியில் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் பணியாற்றியவர். 1948ஆம் ஆண்டில், அமெரிக்கப் போர்வீரராயிருந்த ஒருவரைப் பிராங்பர்ட்டில் மணந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் வந்திறங்கினார். நாட்டுக்குக் கேடு என்று கூறி அவரை உள்ளே விட மறுத்தனர். காரணம் சொல்லப்படவில்லை, விசாரணையும் இல்லை. எல்லிஸ் தீவில் அடைபட்டுக் கிடந்தார். 1950 சனவரியில் உச்ச நீதிமன்றம், நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அரசு செய்தது சரியே என்றது. நுழைவு மறுக்கப்பட்ட அயல்நாட்டவரைப் பொறுத்தவரை, நாடாளுமன்றம் எந்த நடைமுறையை வகுத்ததோ அதுவே நீதி நெறி என்பது பெரும்பான்மையோர் கருத்து. நாளேடுகளும் நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் விடாது குரல் எழுப்பியதால் இறுதியில் விசாரணை நடந்தது. மூடி வைத்த காரணம் வெளியே வந்தது. அஃது உளவுக் குற்றச்சாட்டு. ஆனால் அதற்கிருந்தது செவிவழிச் செய்தியே என்று மேல்முறையீட்டு வாரியம் கண்டது. 1951 நவம்பரில் அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். வெளிச்சத்தில் ஒரு நாள் நிற்க முடியாத காரணம், இருட்டில் மூன்றாண்டு ஆட்சி செய்தது.

அப்பெண்மணி விடுதலை பெற்றார். அத்தீர்ப்போ இன்றும் வாழ்கிறது. 2024 சூனில், லாஸ் ஏஞ்சலஸ் வழக்கறிஞர் ஒருவர் தம் எல் சால்வடோர்க் கணவருக்காகத் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனைத் துணைக்கு அழைத்தது. அவ்வழக்கு சுற்றுலா விசாவைப் பற்றியது அன்று. குடியேற்ற விசாவைப் பற்றியது. 2015இல் மறுத்தபோது சட்டப் பிரிவின் எண் மட்டுமே தரப்பட்டது. எந்த ஐயத்தால் மறுத்தனர் என்பது, வழக்குத் தொடுத்த பின்னரே தெரிய வந்தது. தன் அயல்நாட்டுக் கணவரை நாட்டுக்குள் அனுமதிக்குமாறு கோர ஓர் அமெரிக்கக் குடிமகளுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. முறைப்படி மணந்த மனைவிக்கே இந்நிலை என்றால், மணமாகாத காதலருக்கு எந்த நீதிமன்றப் படி மிச்சமிருக்கிறது?

இவ்வாறுதான் இருக்க வேண்டும் என்று இயற்கை விதி ஏதும் இல்லை. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளும் ஐயுறவே செய்கின்றன, மறுக்கவும் செய்கின்றன. ஆயின், 2009ஆம் ஆண்டு விசாத் தொகுப்புச் சட்டம் மறுப்புக்குரிய காரணத்தைக் குறித்துத் தர வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டு உரிமையையும் தருகிறது. பிரித்தானியாவோ குடும்பத்தினரைக் காண வருவோருக்கு வழங்கியிருந்த முழு மேல்முறையீட்டு உரிமையை 2013 சூனில் பறித்துக்கொண்டது. கொடுக்கவும் முடிகிறது, பறிக்கவும் முடிகிறது. எனவே இது மனத்தைப் பொறுத்ததேயன்றி இயலாமையைப் பொறுத்தது அன்று.

அயலார் முற்றத்தை மட்டும் பெருக்கிக் காட்டுவதும் நேர்மையாகாது. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரிவோர் அந்நாட்டுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் இசைவைப் பெற்றாக வேண்டும். மலேசியாவில் தற்காலிகப் பணி அனுமதியில் உள்ள அயல்நாட்டுத் தொழிலாளர் இங்கே மணம் செய்துகொள்ளத் தடை உண்டு. இவற்றைக் கண்டும் காணாதார்போல் இருந்துவிட்டு வாஷிங்டனை மட்டும் சாடுவோர் தம் குரலைத் தாமே பாதியாக்கிக்கொள்கின்றனர்.

கேட்பது பெரிதன்று. மறுத்தவர் தம் காரணத்தை அந்த ஒருவருக்கென எழுதித் தரட்டும். அக்காரணத்தைத் தூதரகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் பார்க்கட்டும். உறவை ஒளிக்காமல் சொன்னதை நாணயத்தின் அடையாளமாகக் கணக்கில் எடுக்கட்டும். ஆசிரியைக்குப் பள்ளி உண்டு, மாணவர் உண்டு, ஓய்வூதியம் உண்டு, பெற்றோர் உண்டு. இவை பிணைப்பு அல்ல என்று கண்டவர் எதனைப் பிணைப்பு என்பார் என்பதையாவது ஒரு வரியில் சொல்லட்டும்.

மறு ஆண்டு அவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. மீண்டும் 185 டாலர். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு முன் அமெரிக்க விசா உமக்கு மறுக்கப்பட்டதுண்டா? அவர் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். அதன் கீழே, ஏன் என்று விளக்குக என ஒரு கட்டம் இருக்கும். அவரிடம் யாரும் சொல்லாத காரணத்தை அவர் அதில் எழுத வேண்டும்.