இரு தரப்பு மோதலாம்!

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் நான் பேப்பர் படிக்கப் பழகினேன். ஒரு டீக்கு ஒரு பேப்பர். இப்போது செல்போனிலும் பார்க்கிறேன். ஆனாலும் 'இரு தரப்பினர் மோதல்' என்று எங்கே கண்டாலும் கண் அங்கேயே நின்றுவிடும். யார் அடிச்சது, யார் அடிபட்டது? செய்தியில் இருக்காது. உடனே அந்த ஊரில் உள்ள சொந்தக்காரங்களுக்குப் போன் போடுவேன். "மோதலாவது மண்ணாவது! தெருவுக்குள்ள ஏறி வந்து அடிச்சிட்டுப் போயிருக்கானுவ சித்தப்பா" என்பார்கள்.

இது தற்செயலா? 1996இல் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி, ஒருவரும் அகப்படவில்லை என்று 'பயனியர்' நாளேட்டில் எழுதினார். எழுதுகிற மேசையில் நாம் இல்லை. பிறகு நம்ம தரப்பு எப்படி அச்சேறும்? இதற்காகத்தானே இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும், அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழையும் தொடங்கினார்கள்!

"இப்பதான் வாட்ஸ்அப் இருக்கே" என்கிறார்கள் மாணவத் தோழர்கள். இருக்கட்டும். இன்று வந்தது நாளைக்கு அடியில போயிரும். வழக்கு வருஷக்கணக்காக இழுத்து விசாரணைக்கு வரும்போது, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று வக்கீல் கேட்பார். என்ன சொல்வோம்?

தோழர்களே, செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அடிபட்டவர் சொன்னதைத் தேதி, நேரம், முதல் தகவல் அறிக்கை எண்ணோடு எழுதுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். நான் மூன்றாவது நோட்டில் இருக்கிறேன். நீங்கள் முதல் நோட்டை இந்த வாரமே வாங்குங்கள்.