பாட்டு உள்ளே, பாட்டுக்காரன் வெளியே

சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் வரிசை கட்டி நிற்கும். மொட்டை மாடி மதுக்கூடங்களில் டிஜே ஆட்டம் நடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப்பட்டணம், இந்தப் பக்கம் கறுப்புப்பட்டணம். சேரி இந்த ரெண்டுக்குமே வெளியே. இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

அப்படி ஒரு ராத்திரி, மேலே 'என்ஜாய் எஞ்சாமி' ஓடிக்கொண்டிருந்தது. நாம் கேட்ட பாட்டு இல்லை, டிஜே ஸ்நேக் போட்ட ரீமிக்ஸ். கீழே வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த பையன் காலால் தாளம் போட்டபடி நின்றான். நம்ம சேரிப் பையன்தான்.

"உள்ள போயிருக்கியாடா?"

"நம்மள எங்கண்ணே உடுவாங்க? ஜோடியா வரணும், ஷூ போடணும், பணமும் கட்டணும். பாட்டு வெளிய வருது, கேட்டுக்க வேண்டியதுதான்."

"யாரு பாட்டு தெரியுமா?"

"அறிவண்ணன் பாட்டு" என்றான், யோசிக்காமல். மேலே ஆடிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? இந்தக் கேள்விதான் என்னை எழுத வைக்கிறது.

தெரிந்த கதைதான், ஆனாலும் ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிடுவோம். 2021 மார்ச்சில் ஏ.ஆர். ரகுமான் ஆதரவோடு தொடங்கிய மாஜா நிறுவனம் இந்தப் பாட்டை வெளியிட்டது. பாடியவர்கள் தீயும் அறிவும். சொற்கள் அறிவுடையவை. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். பாட்டுக்குள் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இங்கே திரும்பிய கூலிப் பெண் அவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களுக்கு ஒரு துண்டு நிலம்கூட மிஞ்சவில்லை. அதைத்தான் ஒப்பாரியும் துள்ளலும் கலந்து பாட்டாக்கினார் அறிவு.

ரீமிக்ஸ் செய்தவர் பாரீஸ்காரர். அல்ஜீரியத் தாய்க்குப் பிறந்து புறநகரில் வளர்ந்தவர். அவரும் விளிம்பிலிருந்து மேலே வந்தவர்தான், அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ரீமிக்சை விளம்பரப்படுத்தியபோது முன்னால் நின்றவை தீயின் முகமும் டிஜே ஸ்நேக்கின் முகமும்தான். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடாவின் ஈழத்தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார்: அழித்தொழிப்பை எதிர்த்துப் பாடியவனையே அழிக்கிறீர்களே, இது உங்களுக்குப் புரியவில்லையா? சத்தம் எழுந்த பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு மின்னட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா. அங்கும் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்ததால் சேர்க்க முடியவில்லை என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கம் தந்தார். மெட்டிலிருந்து சொல்வரை தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

"கூட்டு உழைப்புங்க, இதுல போய் சாதியத் தேடுறீங்களே" என்கிறார்கள் நண்பர்கள். கூட்டு உழைப்புதான், யார் மறுத்தது? தீயின் குரலும் சந்தோஷ் நாராயணனின் இசையும் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. யாரும் உட்கார்ந்து சதி செய்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இடம் போதாதபோது முதலில் கழற்றிவிடப்படுவது ஏன் எப்போதும் நம்ம ஆளாகவே இருக்கிறது? சதி இல்லாமலே இது நடக்கிறது என்றால் அது இன்னும் மோசம். அப்படியென்றால் அது பழக்கமாகிவிட்டது என்று பொருள். சாதி பெரும்பாலும் பழக்கமாகத்தான் உயிரோடு இருக்கிறது.

இந்த மதுக்கூட இசையின் பிறப்பையும் கொஞ்சம் பார்ப்போம். 1977இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கூடம் திறந்தது. கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும், அவர்களிலும் ஒருபாலின ஈர்ப்பு கொண்டவர்களும் கூடி ஆடிய இடம். அங்கே இசைத்தட்டு சுழற்றியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பர். 'ஹவுஸ்' இசை என்ற பெயரே அந்தக் கூடத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். டெட்ராய்டில் டெக்னோவை உண்டாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் கறுப்பர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவின் விளையாட்டு மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு அதே தாளம் ஐரோப்பா போய்ப் பெரும் வியாபாரமானது. இன்று அதில் ஆடுகிற பெரும்பாலோர்க்கு அந்தக் கறுப்பர்களின் பெயர் தெரியாது. தீட்டு என்று ஒதுக்குவது, பிறகு ருசி கண்டு எடுத்துக்கொள்வது, கடைசியில் பெயரைத் துடைத்துவிடுவது. இந்த மூன்று படியும் நமக்குப் புதுசா?

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவுக்கு அடிக்கும்போது அது இழிதொழில். சினிமாவில் வந்தால் 'குத்து'. மேடையில் ஏறினால் 'பாரம்பரியக் கலை'. பெயர் மாறுகிறது, காய்ச்சி அடிக்கிறவனின் கூலி மாறுவதில்லை. அழைப்பிதழில் 'பறையாட்டக் குழுவினர்' என்று ஒரே வரி. பரதம் ஆடுகிற பெண்ணுக்கு மட்டும் பெயர், குருவின் பெயர், படம்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவனிடமே இருக்கும் என்கிறது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டு என்றது. நல்லது. ஆனால் ஒப்பாரி பாடுகிற நம் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் இதனால் என்ன? அவர்கள் பாடுவது 'நாட்டுப்புறப் பாட்டு', யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சாவிலும் புதுசு புதுசாகக் கட்டிப் பாடுகிறவளுக்கு ஆசிரியர் என்ற பெயர் கிடையாது. எழுதியவனுக்குத்தான் உரிமை. எழுத்தை நமக்கு மறுத்தது யார்?

அதனால் அவர்கள் பெயர் போடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நம் காலனி விழாக்களின் நோட்டீசில் பறையடிப்பவர் ஒவ்வொருவர் பெயரையும் ஊரோடு போடுவோம். ஒப்பாரியைக் கைபேசியில் பதிவு செய்கிற தம்பி தங்கைகள் முதலில் பாடுகிறவரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். இசை செய்கிற நம் பிள்ளைகள் ஒப்பந்தத்தை, தெரிந்த வக்கீல் ஒருவர் படிக்காமல், கையெழுத்துப் போட வேண்டாம். சின்ன வேலைகள்தான். ஆனால் இதை நாமே நம் கலைஞர்களுக்குச் செய்யாமல் நியூயார்க்கைத் திட்டி என்ன பயன்?

ஆடட்டும், தாராளமாக ஆடட்டும். நம் தாளத்துக்கு ஆடாத கால் ஏது? ஆனால் பாட்டு முடிந்ததும் யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் சொல்ல வாசலில் ஒரு பையன் நிற்கிறான்.