அரசு மடிக்கணினிக்குள் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

குன்றத்தூர் முருகன் மலையைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்போது பாட்டு வீட்டிலேயே பதிவாகிறது. பக்திப் பாடலோ, கானாவோ, குறும்படத்துக்கான பின்னணி இசையோ, படுக்கையறைச் சுவரில் பஞ்சு அட்டை ஒட்டி, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குமேல் போகும் விமானம் கடக்கும்வரை காத்திருந்து இளைஞர்கள் பதிவு செய்கிறார்கள். மைக்கும் ஹெட்போனும் பணம் சேர்த்து வாங்கியவை. கணினியிலுள்ள மென்பொருள்தான் பெரும்பாலும் ‘கிராக்’.

எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு தெளிவானது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வருமான நோக்கம் இல்லாவிட்டால் சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம். ஆனால் பாட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினாலும் அது வருமானம்தானே? சட்டம் கிடக்கட்டும். கிராக்கோடு சேர்ந்து வைரஸும் வருகிறது. ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் காணாமல் போகிறது. இருபது வயதுப் பிள்ளை தன் கலை வாழ்க்கையைத் திருட்டுச் சரக்கில் தொடங்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் நமது வாதம்.

ஏனென்றால் மாற்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளமும் போட்டுத் தரப்பட்டது. பாஸை உருவாக்கியது சென்னை சி-டாக் நிறுவனம். திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையப் பணியில் அதனுடன் கைகோத்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையம். பல்லாவரம் தாண்டினால் வந்துவிடும் இடம். டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸில் பல டிராக்குகளாகப் பதிந்து மிக்ஸ் செய்ய ஆர்டோர், வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி, தாளக்கட்டுக்கு ஹைட்ரஜன், இசைக்குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர் எல்லாவற்றையும் காசில்லாமல் நிறுவலாம். பலர் அந்தப் பக்கமே போகாததற்குக் காரணம், அதில் பாட்டுப் பதியலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

‘இலவசம் என்றால் தரம் இருக்குமா?’ என்பார்கள். மிருதங்கக் கலைஞருக்குத் தன் அடி ஹெட்போனில் சற்றுப் பிந்திக் கேட்டாலும் காலப்பிரமாணம் கெடும். நொடிக்கு 48,000 மாதிரி வீதம் பதியும்போது, கணினி ஒலியை ஒரு தவணைக்கு 256 மாதிரியாகக் கையாளும்படி வைத்தால் அத்தவணையால் வரும் தாமதம் ஏறக்குறைய 5 மில்லிநொடி. சாதாரண மடிக்கணினியில் லினக்ஸ் இதைத் தாங்கும். இசைக்காரர்கள் நெடுங்காலம் தனியாகச் சேர்த்துப் பயன்படுத்திவந்த நிகழ்நேர வசதியும் 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருநிரலிலேயே இருக்கிறது. மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டீர்களா? பாடகர் வாய் திறப்பதற்கு முந்தைய ஒரு நொடி இரைச்சலை ஆடாசிட்டிக்குக் காட்டினால் போதும், அதே இரைச்சலைப் பாட்டு முழுவதிலும் குறைத்துவிடும். விமானச் சத்தம் அதற்கு அடங்காது. நொடிக்கு நொடி மாறுவதால் அந்த டேக்கை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். எந்த விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கும் அந்தச் சத்தத்தை நீக்குவது கடினம்தான்.

உண்மையான குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விலைக்கு விற்கும் வாத்திய ஒலித் தொகுப்புகள் பல லினக்ஸில் ஓடாது. சில ஆடியோ இண்டர்பேஸ்களுக்கு டிரைவர் கிடையாது. வாங்கும்முன் விசாரிக்க வேண்டும். கோடம்பாக்கத் திரையுலகில் புரோ டூல்ஸ் மென்பொருள்தான் பேசும். ஆனால் ஒலியளவை வைப்பதும், ஈக்யூ போடுவதும், குரலைத் தாளத்தோடு பொருத்துவதும் எதில் கற்றாலும் ஒன்றே. சினிமாவுக்குப் போகிறவர் அங்கே போய் அந்தக் கருவியைப் பழகிக்கொள்வார். போகாத பெரும்பான்மையினருக்கு ஆர்டோர் தாராளம்.

இன்னொன்றும் இருக்கிறது. சேக்கிழார் பிறந்தது இந்தக் குன்றத்தூரில். பெரியபுராணத்தில் ஆனாய நாயனாரின் குழலிசையைப் பாட வந்தவர், மூங்கிலின் மேலும் கீழும் எவ்வளவு அரிவது, துளைகளை எப்படி அளந்து இடுவது என்பதிலிருந்தே தொடங்குகிறார். கருவி செய்யும் முறை கேட்பவர் எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் அதில் இருப்பதாகவே நாம் படிக்கிறோம். ஆர்டோரின் நிரலும் அப்படித்தான் திறந்து கிடக்கிறது. நம் சுருதி முறைக்கும் தாளக்கணக்குக்கும் ஏற்ப அதை மாற்ற எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விலைக்கு வாங்கும் மென்பொருளில் அந்த உரிமை நமக்குக் கிடைப்பதில்லை.

எனவே அரசுக்கு நமது கோரிக்கை இது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அப்படித் தரும் மடிக்கணினிகளின் பாஸில் ஒலிப்பதிவு மென்பொருள்களையும் அரசு நிறுவனமான எல்காட் முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும். அரசு இசைக் கல்லூரிகளிலும் மாவட்ட இசைப் பள்ளிகளிலும் வாரம் ஒரு வகுப்பு ஒலிப்பதிவுக்கு ஒதுக்க வேண்டும். நாகசுரமும் தேவாரமும் பயிலும் மாணவர் தன் வாசிப்பைத் தானே பதிந்து, தன் பெயரில் வெளியிடத் தெரிந்துகொள்ளட்டும். பாடம் எழுத ஆள் தேடி அலைய வேண்டாம்: 2012 முதல் கணியம் மின்னிதழ் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது, காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கிறது. குன்றத்தூர் நகராட்சி தன் பங்குக்கு ஓர் அறை, ஒரு கணினி, இரண்டு மைக் ஒதுக்கினால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு விழா மேடைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. அடுத்த நகர்மன்றக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வைக்கலாம்.